வலப்பக்கத்துச் சிவப்பு விளக்கு

ரொசெண்டோவின் கையிலேயே வெடி வெடித்தபோது, அவனுடைய அக்கா கசில்தா இருபது அடி பின்னால் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லைச் சண்டையில் பெண்களின் வேலை அது. ஆண்கள் கவண் சுழற்றுவார்கள். பெண்கள் கோழிமுட்டை அளவுக் கற்களாகத் தேடிப் பாவாடை மடியில் சேர்த்து, அவர்கள் காலடியில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். கோல்பாவிரி ஊருக்கும் விலாகோட்டா ஊருக்கும் நடுவே கிடந்த அந்த உவர்நிலத்தை, அவள் சிறுமியாக இருந்தபோது யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. லாமா மந்தைகள்கூட அங்கே மேயாமல் கடந்துபோகும். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் கீன்வாத் தானியத்தைத் தின்னப் பழகினார்கள். விலை ஏறியது. நல்ல கீன்வா உவர்நிலத்தில்தான் விளையும் என்று தெரிந்ததும் எல்லைக்கற்களுக்குக் கால் முளைத்தது. நாலு வருஷமாக ஒவ்வொரு அறுவடைக்கும் மண்டைகள் உடைந்துகொண்டிருந்தன. அந்த வருஷம் கவணோடு வெடியும் வந்தது. சுரங்க ஊர்ச் சந்தையில் வெங்காயம் வாங்குவதுபோல அதை வாங்கி வரலாம்.

ரொசெண்டோவுக்கு இருபத்திரண்டு வயது. அன்று உச்சிப் பொழுதுக்குள் இரண்டு வெடிக்குச்சிகளை எறிந்திருந்தான். முதலாவது வெறும் மண்ணைக் கிளப்பியது. இரண்டாவது, அறுத்து அடுக்கியிருந்த கீன்வாப் போருக்குப் பின்னால் பதுங்கியிருந்த மூன்று விலாகோட்டாக்காரர்கள் நடுவே விழுந்தது. இருவர் தவழ்ந்து ஓடினார்கள். மூன்றாமவன் எழவில்லை. அவனுடைய தொப்பி மட்டும் காற்றில் உருண்டு இந்தப் பக்கம் வந்தது. கோல்பாவிரிக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். கசில்தாவும் கத்தினாள். பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள்: ஆமாம், அவளும்தான் கத்தினாள்.

மூன்றாவது குச்சியின் திரி பழையது. பற்றவைத்ததும் சர்ரென்று உள்ளே ஓடிவிட்டது.

புகை விலகியபோது ரொசெண்டோ உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வலது விலாவின் தோல் கிழிந்து, சட்டையும் சதையும் ஒன்றாகத் தொங்கின. அவன் எதையோ தொலைத்தவன்போல மண்ணில் தேடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, என் கையைப் பார்த்தியா?" என்று கேட்டான்.

கசில்தா மடியிலிருந்த கற்களை அப்படியே கொட்டினாள். இடுப்பில் சுற்றியிருந்த நெய்த பட்டையை அவிழ்த்து, அவன் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டபோது அவள் வாயெல்லாம் ரத்தம்.

அவள் கணவன் தெல்ஃபின் வண்டியை வயலின் விளிம்புவரை பின்னோக்கி ஓட்டி வந்து நிறுத்தினான். அவன் சண்டைக்காரன் அல்ல. சந்தை நாட்களில் ஊருக்கும் பெருஞ்சாலைக்கும் நடுவே ஆள் ஏற்றுகிறவன். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தே ஆக வேண்டும் என்பது ஊர்க்கட்டளை என்பதால் வந்திருந்தான். காலையிலிருந்து வண்டியிலேயே உட்கார்ந்து கோக்கா இலை மென்றுகொண்டிருந்தான்.

"பின்கதவத் தொற. கால அந்தப் பக்கம் போடு. மெதுவா. மாப்ள, கண்ண மூடாத. மூடினா உன் அக்கா என்னைக் கொன்னுடுவா."

"எங்க போறோம் மச்சான்?"

"ஒருரோவுக்கு. பெரிய ஆஸ்பத்திரி. நர்சுங்கல்லாம் அழகா இருப்பாங்களாம்."

கசில்தா முன்னால் ஏறினாள். அவள் அங்கேதான் உட்கார வேண்டும். வேறு யாராலும் அந்த இடத்தில் உட்கார முடியாது.

வண்டி ஒரு பழைய ஜப்பான் ஸ்டேஷன் வேகன். அந்த மேட்டுநிலம் முழுக்க ஓடும் பழைய வண்டிகளைப்போல அதுவும் சிலியின் துறைமுகத்தில் இறங்கி, ஏதோவொரு பட்டறையில் ஸ்டியரிங்கை வலப்பக்கத்திலிருந்து பிடுங்கி இடப்பக்கம் பொருத்தப்பட்டு வந்தது. பட்டறைக்காரன் ஸ்டியரிங்கை மாற்றினான், மிதிகளை மாற்றினான், சாவித்துவாரத்தை மாற்றினான். மீட்டர்களை மாற்ற அவனுக்குப் பொறுமை இல்லை. வேகமுள், பெட்ரோல் முள், சூட்டு முள், விளக்குகள் எல்லாம் பழைய இடத்திலேயே, வலப்பக்கம் உட்கார்கிறவரின் முகத்துக்கு நேரே இருந்தன. ஓட்டுகிறவனுக்கு முன்னால் ஒரு வெறும் பலகை. அதில் தெல்ஃபின் ஒரு மாதா படத்தை ஒட்டி வைத்திருந்தான்.

ஆறு வருஷமாக அந்த வண்டியைக் கசில்தாதான் படித்தாள். "எவ்வளவு?" என்பான். "அம்பது" என்பாள். "பெட்ரோல்?" என்பான். "கால்வாசி. அடுத்த பங்க்ல போடு" என்பாள். ஏறுகிறவர்கள் கேலி செய்வார்கள். எத்தனை வருஷம் இப்படிச் சேர்ந்திருப்பதாக உத்தேசம் என்று ஒருவர் கேட்டதற்கு, "மீட்டர் கேபிள் அறுகிற வரைக்கும்" என்று தெல்ஃபின் சொன்னது சந்தை முழுக்கச் சுற்றியது. அவள் சொன்ன எண்ணை அவன் ஒருமுறைகூட எட்டிப் பார்த்துச் சரிபார்த்ததில்லை.

ஒருரோவுக்குப் போகும் பாதை விலாகோட்டாப் பாலத்தின் மேலே போகிறது. வேறு பாலம் இல்லை.

பாலத்தில் ஆட்கள் நின்றார்கள். நடுவே பாறைகளை உருட்டிப் போட்டிருந்தார்கள். இடது ஓரத்தில் ஒரு வண்டி நுழைகிற இடைவெளி இருந்தது. செத்தவனின் செய்தி அவர்களுக்கு வந்து சேர்ந்துவிட்டிருந்தது. வெடி எறிந்தவன் யார், அவன் கையைப் பறிகொடுத்துவிட்டான், எந்த வண்டியில் ஏற்றினார்கள் என்பதெல்லாம் கைபேசியில் முன்னால் ஓடிவிட்டது.

"எவ்வளவு?"

"அறுபது."

"இப்ப?"

"எழுபத்தஞ்சு. பாலம் வருது தெல்ஃபின்."

"தெரியுது. தலையக் குனி."

முதல் கல் முன்கண்ணாடியில் பட்டது. கண்ணாடி வெள்ளையாகப் பூத்து, அடுத்த கல்லில் உள்ளே கொட்டியது. கசில்தாவின் நெற்றியும் கன்னமும் எரிந்தன. கைப்பிடிச் சுவரின் மேல் நின்றிருந்த ஒருவன் இரண்டு கைகளாலும் ஒரு பாறையைத் தலைக்குமேல் தூக்குவதை அவள் பார்த்தாள். அது பானெட்டின் மேல் விழுந்தபோது வண்டி முழுவதும் முழங்காலிட்டு எழுந்ததுபோல இருந்தது. இடைவெளிக்குள் இன்னொருவன் மண்வெட்டியோடு ஓடி வந்தான். தெல்ஃபின் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. தொடை எலும்பு முறியும் சத்தம் காய்ந்த விறகு முறிவதுபோலத்தான் கேட்கும் என்று அன்று அவளுக்குத் தெரிந்தது.

பாலத்தைத் தாண்டியும் தெல்ஃபின் வேகத்தைக் குறைக்கவில்லை; முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"யாரையோ இடிச்சமா?"

"ஆமா."

"எந்திரிச்சானா?"

"நான் பார்க்கல," என்றாள் கசில்தா. அவள் திரும்பிப் பார்த்திருந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.

பின்னால் பாலத்திலிருந்து நீலமுகம் கொண்ட லாரி ஒன்று கிளம்பியது. அதன் தொட்டியில் நின்ற ஆட்களின் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. சாலையின் அடுத்த வளைவிலும் விலாகோட்டாக்காரர்களின் குடியிருப்பு ஒன்று உண்டு. தெல்ஃபின் வண்டியைச் சாலையிலிருந்து இறக்கி, வெட்டவெளியில் வடக்கே விட்டான். உப்புப் பூத்த தரை, நடுநடுவே ஊசிப்புல் திட்டுகள். அறுவடைக் காலம். மழை கண்டு இரண்டு மாதம். புல் எல்லாம் வைக்கோல் நிறத்தில் இடுப்பளவு நின்றது.

பாறை விழுந்ததிலிருந்து இன்ஜின் சரியில்லை. நொண்டி ஓடுகிறவனைப்போல ஒரு எட்டுக்கு ஒரு எட்டு தவறிக் குதித்தது.

அப்போதுதான் விளக்கு எரிந்தது.

"தெல்ஃபின்."

"சொல்லு."

"ஒண்ணு எரியுது. சிவப்பு. இத்தன வருஷத்துல நான் பார்த்ததே இல்ல."

"எண்ணெய்ச் சொம்புப் படமா?"

"அது எனக்குத் தெரியாதா? அது இல்ல. பேட்டரியும் இல்ல. படமே கிடையாது. மூணு எழுத்து."

"என்ன எழுத்து?"

"ஜப்பான்காரன் எழுத்துய்யா, நான் என்னத்தக் கண்டேன். மொதலாவது வேலி மாதிரி இருக்கு. நடுவுல அரிவா மாதிரி வளைஞ்சு உள்ள ஒரு சிலுவை. மூணாவதுல மூணு சொட்டுத் தண்ணி. பக்கத்துல தட்டு மேல ஒரு பெட்டி."

"தண்ணியா? ரேடியேட்டர் ஒழுகுதா?"

"சூட்டு முள்ளு நடுவுலதான் நிக்குது. அசையல."

"பெட்ரோல்?"

"பாதி."

"அப்ப என்ன எழவு அது! வண்டிய வித்தப்ப அந்தத் தரகன் என்ன சொன்னான், ஞாபகம் இருக்கா? பச்சை எரிஞ்சா ஓட்டு, செவப்பு எரிஞ்சா கும்பிடுன்னான்."

"சிரிக்காத. ரோடப் பாரு."

"ரோடு எங்கடி இருக்கு பார்க்க?"

கண்ணாடி போன முன்பக்கத்திலிருந்து காற்றும் வெயிலும் முகத்தில் அறைந்தன. கசில்தா தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பைக் கீழே இழுத்தாள். அதை அவள் இழுத்ததே கிடையாது. கண்ணாடிக்கு மேலே வெயில்படாமல் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் தேவைப்பட்டதில்லை. மறைப்பின் உட்பக்கம் மஞ்சளாய்ப் போன ஒரு ஒட்டுத்தாள் இருந்தது. அதில் வரிவரியாக எழுத்து. நடுவில் பெரியதாக, சிவப்பில், வேலி, சிலுவை வைத்த அரிவாள், தண்ணீர்ச் சொட்டு.

அவள் விரலை மீட்டரின் மேல் வைத்து, பிறகு தாளின் மேல் வைத்து, ஒவ்வொரு கோடாக ஒப்பிட்டாள். ஆறாம் வகுப்புவரை படித்தவள். எழுத்து தெரியாவிட்டாலும் ஒரே எழுத்தா வேறு எழுத்தா என்று கண்டுபிடிக்கத் தெரியும்.

"அதேதான்! இங்க எழுதியிருக்கு. படமும் போட்டிருக்கான்."

"என்ன படம்?"

"ஒரு காரு. காருக்குக் கீழ செடி மாதிரி இருக்கு. செடியிலருந்து நெருப்பும் பொகையும் மேல வருது."

தெல்ஃபின் ஒரு கணம் யோசித்தான். பிறகு ஸ்டியரிங்கை உள்ளங்கையால் தட்டினான்.

"பொகை போடறான்! ஜப்பான்காரனும் வண்டிக்குப் பொகை போடறான்டி!"

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அந்த ஊர்களில் வீட்டுக்கும் கடைக்கும் வண்டிக்கும் புகை காட்டுவார்கள். தணல் நிறைந்த சட்டியில் மணக்கும் மலைச்செடியும் லாமாக் கொழுப்பும் சர்க்கரைக் கட்டியும் போட்டு, இன்ஜினுக்குக் கீழே தள்ளிவைத்து, சக்கரங்களுக்கு பீர் தெளிப்பார்கள். கார், அதன் கீழே செடி, நெருப்பு, புகை. தெல்ஃபினுக்கு அதைப் புரிந்துகொள்ள வேறு வழியே இல்லை. கசில்தாவுக்கும்தான்.

"இந்தச் சண்டையில ரெண்டு மாசமா வண்டிக்கு ஒண்ணும் செய்யல. அதான் கேக்குது. பொகை கேக்குது."

"வண்டியா கேக்கும்?"

"பூமித்தாய் கேப்பா. வண்டி சொல்லுது."

பின்னாலிருந்து ரொசெண்டோவின் குரல் வந்தது. தூக்கத்தில் பேசுகிறவனின் குரல். "ஒரு குடம் ரத்தம் ஊத்தியிருக்கேன் மச்சான். இன்னுமா அதுக்கு வயிறு நெறையல?"

தெல்ஃபின் சிரித்தான். கசில்தாவும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் இன்ஜின் மறுபடி குதித்தது, அவன் முகம் மாறியது.

"பொகை ஒரு பக்கம் இருக்கட்டும். இது நாலு கால்ல ஓடல, மூணு கால்ல ஓடுது. அந்தக் கல்லு விழுந்ததுல ஏதோ கழண்டிருக்கு. நிப்பாட்டிப் பானெட்டத் தொறந்து பார்க்கணும்."

"லாரி வருது."

"எவ்வளவு தூரம்?"

"மூணு கிலோமீட்டர் இருக்கும். தூசி தெரியுது."

"ரெண்டு நிமிஷம் போதும் எனக்கு. சரி, கொஞ்ச தூரம் பார்ப்போம். வெளக்கு அணைஞ்சா ஓட்டிட்டே போயிருவேன். எரிஞ்சுட்டே இருந்தா நிப்பாட்டித்தான் ஆகணும். வழியில நின்னுபோச்சுன்னா மூணு பேரும் சாவோம். நீ பார்த்துச் சொல்லு."

கசில்தா திரும்பி ரொசெண்டோவைப் பார்த்தாள். அவன் உதடுகள் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தன. பட்டையைத் தாண்டி ரத்தம் கசிந்து, பின்சீட்டில் ஓடி, வண்டி ஏறும்போது பின்னுக்கும் இறங்கும்போது முன்னுக்கும் வந்துகொண்டிருந்தது. அவனுக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா போனாள். முதுகில் துணி கட்டி அவனைச் சுமந்து வளர்த்தவள் இவள். இரண்டு நிமிஷம் என்று தெல்ஃபின் சொன்னால் அது எப்போதும் இருபது நிமிஷம். அதற்கப்புறம் தூசி. தூசிக்குப் பின்னால் லாரி. அவர்கள் ரொசெண்டோவை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். போன அறுவடையில் பிடிபட்ட ஒருவனை இவளுடைய ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று அவள் பார்த்திருந்தாள்.

"என்ன? எரியுதா?"

அவள் மீட்டரைப் பார்த்தாள். வேலி, அரிவாள், தண்ணீர்ச் சொட்டு. மூன்றும் ரத்தச் சிவப்பாய் அவள் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தன.

"அணைஞ்சிருச்சு," என்றாள்.

"நெஜமாவா?"

"அணைஞ்சிருச்சுய்யா. போ."

"அப்பாடா," என்று தெல்ஃபின் மிதியை அழுத்தினான். எட்டிப் பார்க்கவில்லை. ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

இருபது நிமிஷம் அப்படி ஓடினார்கள். அவள் கேட்காமலே வேகத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். விளக்கைப் பற்றி அவன் கேட்டுவிடாமல் இருக்க நிறையப் பேசினாள். தரையிலிருந்து ஒரு தினுசான சூடு காலுக்கு ஏறியது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள். கருகல் நாற்றம் வந்தது. ரொசெண்டோவின் தீய்ந்த சட்டை என்று நினைத்துக்கொண்டாள். மனம் ஒன்றை மறைக்க முடிவு செய்துவிட்டால் மூக்கும் தோலும் அதற்கு ஒத்துப்போய்விடுகின்றன.

லாரி நெருங்கிவிட்டது. நொண்டும் வண்டியால் அதை முந்தி ஓட முடியவில்லை. ஒரு மேட்டைத் தாண்டி இறங்கியபோது, அதன் மறுபக்கம் வறண்ட ஓடையும், ஓடைக்கரையில் ஆள் மறையும் உயரத்துக்குப் புல்லும் இருந்தன.

"உள்ள விட்டு அணைச்சுருவோம்," என்றான் தெல்ஃபின். "மேட்டு மேல வந்து பார்ப்பானுங்க. தூசி இல்லன்னா எந்தப் பக்கம் போனோம்னு தெரியாது. நேரா போயிருவானுங்க."

வண்டியைப் புல்லுக்குள் செருகி இன்ஜினை நிறுத்தினான். சாவியை முழுக்கத் திருப்பவில்லை. மறுபடி கிளப்பத் தயாராக ஒரு நிலை விட்டுவைத்தான். காற்று புல்லைச் சீவும் சத்தம் மட்டும் இருந்தது. அடியில் டிக் டிக் என்று ஏதோ ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு கசில்தாவின் காலுக்குக் கீழே தரை பேசியது. மெல்லிய, பொரிகிற சத்தம். ஜன்னலுக்கு வெளியே ஒரு சாம்பல் நிற நூல் எழுந்தது. நூல் கயிறாயிற்று.

தாளில் போட்டிருந்த படம் அவள் கண்முன்னால் அப்படியே நின்றது. கார், காருக்குக் கீழே செடி, செடியிலிருந்து நெருப்பு. அது பூஜை அல்ல. செடிமேல் நிறுத்தாதே என்று ஜப்பான்காரன் போட்டிருக்கிறான். வண்டியின் அடிவயிறு கொதிக்கிறது என்று விளக்கு சொல்லியிருக்கிறது.

"புல்லு பத்திருச்சு! தெல்ஃபின், அடியில எரியுது! அந்த வெளக்கு இதத்தான்..."

சொல்லி முடிக்கவில்லை. தெல்ஃபின் அவள் குறுக்காகச் சாய்ந்து, ஆறு வருஷத்தில் முதல்முறையாக மீட்டரைப் பார்த்தான். மூன்று எழுத்தும் எரிந்துகொண்டிருந்தன.

"அணையவே இல்லையா?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

அவன் கை உயர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. அந்தக் கை அவளைத் தாண்டிப் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தது.

"அவன இறக்கு," என்றான்.

இருவருமாக ரொசெண்டோவைப் போர்வையோடு இழுத்து, புல் இல்லாத ஓடைமணலில் போட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது வண்டியின் அடி முழுக்க ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. புகை கறுத்து உயர்ந்தது. காற்று தீயை மேற்கே தள்ளியது.

"இந்தப் பொகையப் பார்த்து நேரா இங்க வருவானுங்க," என்றான் தெல்ஃபின். "வண்டிய நான் அந்தப் பக்கம் ஓட்டிட்டுப் போறேன்."

"வேணாம். விட்டுட்டு வா. ஓடிரலாம்."

"இவனத் தூக்கிட்டு எங்கடி ஓடுவ? ஓடையப் புடிச்சு வடக்க போ. ஒரு மணி நேரத்துல பெருஞ்சாலை. உப்பு லாரி வரும்."

"அது வெடிச்சிரும்யா."

"பெட்ரோல் பின்னாடி இருக்கு. முன்னாடிதான் எரியுது. ஒரு கிலோமீட்டர் தாங்கும். எறங்கி ஓடி வந்துருவேன்." அவன் ஏற்கெனவே உள்ளே ஏறியிருந்தான். தோல் கையுறையை மாட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், "இனிமே வேகத்த யாரு சொல்லுவா எனக்கு?" என்றான். அது கோபமா கேலியா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

எரிகிற புல்லை அடியில் இழுத்துக்கொண்டு வண்டி மேற்கே போனது. கறுப்பு வால் ஒன்று அதன் பின்னால் நீண்டது. லாரி மேட்டின் மேல் ஏறி, ஒரு கணம் நின்று, அந்த வாலைப் பார்த்துத் திரும்பியது.

கசில்தா ஓடைக்கரையில் குப்புறப் படுத்துப் பார்த்தாள். வண்டி ஒரு கிலோமீட்டர் தாங்கவில்லை. பாதியில் நின்றது. கதவு திறந்து அவன் விழுந்தான், எழுந்தான். முதுகில் தீ இருந்தது. மண்ணில் உருண்டு அதை அணைத்துவிட்டு எழுந்து, ஓடையின் பக்கம் அல்ல, எதிர்ப்பக்கம் ஓடினான். லாரி அவனைச் சுற்றி வளைத்து நின்றது. ஆட்கள் குதித்தார்கள். அவன் இரண்டு கையையும் உயர்த்தினான். கவண்கள் சுழன்றன. அவன் உட்கார்ந்தான். பிறகு அவர்கள் நெருங்கிப் போனார்கள். கைகள் உயர்ந்து இறங்கின, உயர்ந்து இறங்கின. காற்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடித்ததால் ஒரு சத்தமும் வரவில்லை. அவர்கள் களைத்துப் போகும்வரை அது நடந்தது. ஒருவன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்ததை அவள் பார்த்தாள்.

அவள் ரொசெண்டோவைச் சுமைத்துணியில் கட்டி முதுகில் ஏற்றினாள். அவன் அவளைவிட ஒரு சாண் நீளம். கால்கள் மணலில் இழுபட்டன. வடக்கே நடந்தாள்.

உப்பு லாரிக்காரர் ஒருவர் நிறுத்தினார். எதுவும் கேட்கவில்லை. மூட்டைகளின் மேல் இருவரையும் ஏற்றினார். காயத்தில் உப்பு பட்டு ரொசெண்டோ அலறினான். அந்த அலறல் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஒருரோ ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் டாக்டர், பிழைத்துக்கொண்டான் என்றார்.

அன்றுதான் இலாரியோன் வந்தான். தெல்ஃபினின் அண்ணன். ஒருரோவில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறவன். போலீஸோடு போய்த் தம்பியின் உடலையும், எரிந்த கூட்டையும் எடுத்து வந்திருந்தான். நகக்கண்களில் கரி இருந்தது. கட்டிலின் பக்கத்தில் நின்றே பேசினான்.

"மொகத்த வெச்சு அடையாளம் சொல்ல முடியல. பல்லு வெச்சுத்தான் சொன்னேன்." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "பானெட்ட நெம்பித் தொறந்தேன். ரெண்டாவது பிளக்கோட வயர் கழண்டு அந்தண்ட கெடந்த அடையாளம் இருக்கு. கையால ஒரு அமுக்கு அமுக்கினா போதும். அவ்வளவுதான். பிளக் அடிக்கலன்னா எரியாத பெட்ரோல் பொகைக்குழாய்ல போய் எரியும். குழாய் உலையாட்டம் ஆயிரும். அதுக்குன்னே ஒரு வெளக்கு வெச்சிருப்பான் ஜப்பான்காரன். அது எரியலையா?"

"எரிஞ்சுச்சு அண்ணே," என்றான் ரொசெண்டோ.

கசில்தா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நான் முழிச்சுத்தான் இருந்தேன். அக்கா சொல்லிச்சு. எரியுது நிப்பாட்டு, நிப்பாட்டுன்னு ரெண்டு தடவ சொல்லிச்சு. மச்சான்தான் கேக்கல. கெடக்கட்டும் போன்னாரு."

அவன் அக்காவைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னான். இலாரியோன் மெல்லத் தலையை ஆட்டினான். அவன் முகத்தில் துக்கத்துக்கு நடுவே ஒரு வெறுப்பு படர்ந்தது, செத்தவன்மேல்.

"பட்டறைக்காரன் தம்பி. ஒரு வயரப் பார்க்கத் தெரியல. மடையன்! சின்ன வயசுலருந்தே அப்படித்தான், சொன்னா கேக்க மாட்டான். தன் புத்தியாலயே செத்தான்."

கசில்தா எழுந்து நின்றாள். இதைத்தான் ஊர் சொல்லும். அடக்கம் செய்யும்போது சொல்லும். இறந்தவர்களுக்கு ரொட்டி படைக்கும் நாளில், குடித்துவிட்டு, வருஷா வருஷம் சொல்லும். சொன்னதைக் கேட்காத மடையன் என்று. அவனோ அவள் சொன்னதை மட்டுமே கேட்டவன்.

"இல்ல பெரியத்தான். அவன் கேட்டான். எரிஞ்சா நிப்பாட்டணும்னு அவன்தான் சொன்னான். அணைஞ்சிருச்சான்னு என்கிட்டக் கேட்டான். நான் அணைஞ்சிருச்சுன்னேன். எரிஞ்சுட்டே இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

"அக்கா!" என்றான் ரொசெண்டோ.

"நீ சும்மா இரு."

இலாரியோன் அறைந்தான். முழுக் கையால், பட்டறைக்காரனின் கையால். கன்னத்தில் கண்ணாடி குத்திய இடத்துத் தையல்கள் பிரிந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அடுத்த கட்டிலில் இருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் ஓடி வந்தாள். கசில்தா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"தம்பிக்குத் தெரியுமா?" என்று கேட்டான் இலாரியோன். மூச்சு இரைத்தது.

"கடைசியில எட்டிப் பார்த்தான்."

"பார்த்துட்டு என்ன சொன்னான்?"

"'அவன இறக்கு'ன்னான்."

இலாரியோன் தன் கையைப் பார்த்தான். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல சட்டைப்பையில் நுழைத்துக்கொண்டான். பிறகு மறு கையால் தொப்பியை எடுத்து மாட்டினான்.

"அடக்கம் வியாழக்கிழமை. இது தெரிஞ்சா எங்க ஆளுங்க உன்னச் சும்மா விட மாட்டாங்க. வராத."

"தெரியட்டும். நான் வருவேன்."

"அடிப்பாங்க."

"அடிக்கட்டும்."

அவன் வாசல்வரை போய், திரும்பாமலே நின்றான்.

"வந்தா முன்வரிசையில நில்லு," என்றான். "பின்னால போய் ஒளியாத."